எங்கே கிடைத்தது?

1881-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு அவருடைய உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே கதிர்களை உலகம் அறிய இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைத் துழாவினார்கள், குண்டு அகப்படவில்லை. அப்போது, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகம் அருகில் வந்தால் காதில் ஒலி கேட்கும்படியான மின்கருவி ஒன்றைச் செய்து வெள்ளை மாளிகைக்குக் கொண்டுசென்றார். தலைவர் படுத்திருந்த மெத்தையில் உலோகச் சுருள்கள் இருந்தன; அவை கருவியைக் குழப்பின. மேலும், குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய தலைமை மருத்துவர், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட இசைந்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கத்தில். செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார்.

கருவியின் குறையைவிடத் தேடிய இடத்தின் குறையே பெரிது. மெட்டல் டிடெக்டர் என்று இன்று நாம் அழைக்கும் உலோகம் காணும் கருவியின் வரலாறு இப்படி, 'எங்கே?' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில், போலந்து நாட்டுப் படை அலுவலர் யோசஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காணும் கருவி, 1942-இல் எல் அலமைன் போர்க்களத்தில் பாலைவனத்து வெடிகளை அகற்றப் பயன்பட்டது. போர் முடிந்தபின் படைகளுக்குத் தேவைப்படாத கருவிகள் பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களுள் ஒரு சாரார், பழைய போர்க்களங்களின் மண்ணுக்கு மேல் அவற்றை வீசி நடக்கத் தொடங்கினார்கள்.

அவர்களுள் ஒருவரை நான் அறிவேன். அவரைப் பற்றியும், அவர் வீட்டுப் பெட்டிகளைப் பற்றியும் எழுதவே இந்தக் கட்டுரை.

பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான், சில ஆண்டுகளுக்கு முன் என் மகளோடு தங்குவதற்காக அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்துக்குச் சென்றேன். வாஷிங்டனுக்கு மேற்கே, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், சென்டர்வில் என்னும் புறநகரில் அவள் குடும்பத்தோடு வாழ்கிறாள். அகன்ற சாலைகள், ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் வீடுகள், வாகனங்கள் வரிசையாய் நிற்கும் பெருங்கடைகள்: முதற்பார்வைக்கு அந்த ஊருக்கு நேற்று என்ற ஒன்றே இல்லாததுபோல் தோன்றும்.

ஆனால் 1861-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1862 மார்ச் வரை, அந்த மேட்டு நிலத்தில்தான் உள்நாட்டுப் போரின் தென்மாநிலப் படை பல்லாயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழித்தது. மரக்கட்டைகளால் குடில்கள் கட்டினார்கள். எதிரியை அச்சுறுத்தப் போதிய பீரங்கிகள் இல்லாத இடங்களில், மரத்தண்டுகளுக்குக் கரிய வண்ணம் பூசிப் பீரங்கிபோல் வைத்தார்கள். தெற்கே சிறிது தொலைவில் பிளாக்பர்ன்ஸ் ஃபோர்டு என்னும் ஆற்றுத்துறை. அங்கே 1861 ஜூலை 18-இல் ஒரு மோதல். அதற்கு மூன்று நாள் கழித்து மனாசஸின் முதல் பெரும்போர். வடக்கே சான்டில்லியில், 1862 செப்டம்பர் 1-ஆம் நாள் மாலை, இடியோடு கொட்டிய மழையில் நடந்த போரில் வடமாநிலப் படையின் தளபதிகள் ஸ்டீவன்ஸ், கியர்னி இருவரும் மாண்டார்கள். அந்தப் போர்க்களத்தின் பெரும்பகுதியை 1980-களில் வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் விழுங்கின. ஏறத்தாழ ஐந்து ஏக்கர் மட்டும் சிறு பூங்காவாக எஞ்சியது.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர், என் மகளின் வீட்டுக்கு நான்கு வீடுகள் தள்ளி வாழ்ந்த, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர். எங்கள் அறிமுகத்துக்குக் காரணம் என் பேரன். தக்காளி நாற்று நடுவதற்காகத் தோட்டத்தில் குழி பறித்தபோது, வெண்மை படிந்த ஒரு சிறு கூம்பு அவன் கையில் அகப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய கனம். அடியில் குழிவு, உடலைச் சுற்றி மூன்று வரிகள். அதைப் பெரியவரிடம் காட்டச் சொன்னவர்கள் பக்கத்து வீட்டார்.

அவர் அதை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "மினியே குண்டு. ஈயம். துப்பாக்கியிலிருந்து புறப்படாதது, எவனோ ஒரு சிப்பாய் கை தவறிப் போட்டது" என்றார். பிறகு அவனிடம் அவர் கேட்ட கேள்வி எனக்கு வியப்பளித்தது: "தம்பி, உங்கள் தோட்டத்து மண் எங்கிருந்து வந்தது?"

புறநகர் எழும்போது நிகழ்வது இதுதான் என்று அவர் விளக்கினார். முதலில் மேல்மண்ணை இயந்திரம் வழித்து எடுக்கும். சிப்பாய்கள் விட்டுச்சென்ற பொருள்கள் பெரும்பாலும் அந்த ஓரடி மேல்மண்ணில்தான் கிடக்கும். அம்மண் லாரியில் ஏறி, மைல்கள் கடந்து, வேறொரு மனையின் பள்ளத்தை நிரப்பப் போகும். ஆகவே ஒரு தோட்டத்தில் குண்டு கிடைத்தால், அத்தோட்டத்தில் சிப்பாய் நின்றான் என்று பொருளாகாது. "குண்டு பொய் சொல்லாது, மண் இடம்பெயர்ந்திருந்தால் மட்டும் அதன் சாட்சியம் செல்லாது" என்றார்.

அவர் 1960-களில், படையினர் கழித்துவிட்ட கருவி ஒன்றோடு இந்தத் தேடலைத் தொடங்கியவர். அன்று அங்கே பால்பண்ணைகளும் சோள வயல்களும் இருந்தன. நிலத்துக்காரரிடம் கதவைத் தட்டி இசைவு கேட்டுவிட்டு நடப்பாராம். கருவி செய்வது எளிய வேலை. அதன் அடிவட்டத்திலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அவ்வுலோகத்தில் சிறு மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றின் எதிரொலியைக் கருவி ஒலியாக்குகிறது. நாணயம் போன்ற சிறு பொருளென்றால் சுமார் ஒரு சாண் ஆழம்வரை எட்டும். இரும்பாணிக்கு ஒரு முனகல், வெள்ளிக்கு ஓர் உயர்ந்த கீச்சொலி. ஈயத்துக்கும் பொன் மோதிரத்துக்கும் குளிர்பானக் குவளையின் அலுமினிய வளையத்துக்கும் ஏறத்தாழ ஒரே குரல். புறநகரில் தேடுகிறவன் நூறு வளையங்களைத் தோண்டிய பிறகே ஒரு குண்டைக் காண்பான்; அதற்குப் பொறுமை வேண்டும். புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கதவுக்கீல்போல் விட்டுத் திருப்பி, பொருளை எடுத்தபின் மூடி மிதித்துவிட வேண்டும். மறுநாள் பார்ப்பவருக்கு அங்கே தோண்டிய சுவடே தெரியக் கூடாது.

1980-களில் இயந்திரங்கள் வந்தபோது, வாரயிறுதிகளில் கட்டடக்காரர்களின் இசைவோடு அவற்றின் பின்னாலேயே நடந்ததாகச் சொன்னார். திங்கட்கிழமை கான்கிரீட் ஊற்றப்படும். ஞாயிறு மாலைக்குள் எடுத்தது எடுத்ததுதான்.

அவருடைய நிலவறையில் 41 தகரப் பெட்டிகள் இருந்தன. குண்டுகள், பொத்தான்கள், இடைவார் வில்லைகள், குதிரைச் சேணத்தின் துண்டுகள், வெடித்த எறிகுண்டின் சில்லுகள். பேரனின் கண்கள் அகன்றன. என் கண்கள் தேடியது வேறொன்றை: பெட்டிகளின்மேல் ஓரெழுத்தும் இல்லை.

வரலாறு கற்பித்தவனாதலால் நான் கேட்டேன்: "இவை எங்கெங்கே கிடைத்தன?"

தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "எல்லாம் இங்கே இருக்கின்றன."

உலோகம் தேடுகிறவர்களுக்கும் தொல்லியலாருக்கும் நெடுங்காலமாக இருக்கும் பிணக்கு எனக்குத் தெரியாததன்று. தேசியப் பூங்காக்களான போர்க்களங்களில் இந்தக் கருவியைப் பயன்படுத்துவது மட்டுமன்று, இயங்கும் நிலையில் கையில் வைத்திருப்பதே குற்றம். 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடுவணரசின் நிலத்தில் நூறாண்டு கடந்த தொல்பொருளை இசைவின்றித் தோண்டுவோருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. தனியார் நிலத்திலோ, உரிமையாளர் இசைந்தால் பெரும்பாலும் தடையில்லை. இரவில் பூங்கா வேலியைத் தாண்டித் தோண்டி விற்கும் கள்வர்களும் இருக்கிறார்கள். பெரியவர் அந்த வகையினர் அல்லர். ஒன்றையும் அவர் விற்றதில்லை.

ஆயினும் என் மனத்திலிருந்ததை அவரிடம் மறைக்கவில்லை. பொருள் தப்பியது, அதன் இடம் தப்பவில்லையே என்றேன். அவர் சினக்கவில்லை. "நான் எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டுமே போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் அங்கே வரவில்லை" என்றார். இரண்டு சொல்லிலும் உண்மை இருந்தது. அதனால்தான் அன்றிரவு எனக்கு உறக்கம் வரத் தாமதமாயிற்று.

இடம் என்பது என்ன தருகிறது என்று காட்ட, அந்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில், 1876 ஜூன் 25-இல் கஸ்டர் என்ற படைத்தலைவனும் அவனோடு நின்றவர்களும் பழங்குடி வீரர்களிடம் மாண்டார்கள். 1983-இல் ஒரு காட்டுத்தீ அங்கே புல்லை எரித்து நிலத்தைத் திறந்துவிட்டது. மறு ஆண்டு, டக்ளஸ் ஸ்காட் முதலிய தொல்லியலார் உலோகம் தேடும் பொழுதுபோக்காளர்களையே துணைக்கழைத்தார்கள். ஒலி எழுந்த இடந்தோறும் ஒரு கொடி நட்டு, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் அளந்து குறித்தார்கள். ஒரே துப்பாக்கியின் அடிமுள் பதிந்த தோட்டா உறைகள் எங்கெங்கே கிடந்தன என்று பார்த்து, அத்துப்பாக்கியை ஏந்தியவன் நடந்த வழியையே வரைந்தார்கள். ஓவியங்கள் காட்டிய கதையைத் திருத்த அக்கொடிகள் உதவின. அதே கருவிகள், அதே கைகள். வேறுபாடு கொடியில் இருந்தது.

சென்டர்வில்லிலும் அப்படி ஒன்று நிகழ்ந்தது. 1990-களில், மெக்டொனால்ட்ஸ் உணவகம் ஒன்று கட்டப்படவிருந்த இடத்தில், உலோகம் தேடிய ஒருவர் மனித எலும்பைக் கண்டார். அவர் மேலும் தோண்டிப் பொத்தான்களை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அறிந்தவர்களை நாடினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டக்ளஸ் ஆவ்ஸ்லி தலைமையில் முறையாக அகழ்ந்தபோது, வரிசையாய் ஆறு கல்லறைகள் வெளிப்பட்டன. எலும்புகளும், உடையில் எஞ்சியவையும், கிடந்த இடமும் சேர்ந்து பேசின: அவர்கள் பிளாக்பர்ன்ஸ் ஃபோர்டு மோதலில் மாண்ட, மாசசூசெட்ஸ் முதலாம் காலாட்படையினர் என்று தெரிந்தது. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தங்கள் சொந்த மாநிலத்தில், பூர்ன் நகரத்துத் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் படை மரியாதையோடு அவர்கள் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணினார்கள். 145 ஆண்டுகள் தாமதித்த அந்த இரக்கம், ஒருவர் தோண்டாமல் நிறுத்திக்கொண்டதால் கைகூடியது.

நிறுத்தத் தெரிந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 1992 நவம்பரில், சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் ஊரில், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரக் கருவியோடு சென்றார் அவருடைய நண்பர். சுத்தியலுக்கு முன்பாகப் பொன்னும் வெள்ளியும் வெளிப்பட்டன. சிறிது எடுத்ததுமே அவர் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அதனால் தொல்லியலார் வந்து, ஏறத்தாழ 15,000 உரோம நாணயங்களையும், அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் சுவட்டையும், உள்ளே எது எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்பதையும் காண முடிந்தது. அவற்றுள் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். ஒன்று அரசிபோல் தோன்றும் பெண்ணுருவம். நம் சேரநாட்டு மலைச்சரிவில் பழுத்து, கடல் கடந்து போன கறிக்காக வார்த்த சிமிழ் அது. சுத்தியலும் பின்னர் கிடைத்தது. புதையலோடு அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்நாட்டில் 1996-இல் புதையல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு, பொதுமக்கள் கண்டெடுக்கும் சிறு பொருள்களையும் இடத்தோடு பதியும் திட்டம் தொடங்கியது. அதில் இதுவரை 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. தேடுகிறவனைத் துரத்துவதைவிட, அவன் வாயிலிருந்து இடத்தைக் கேட்டறிவது பயன் தரும் என்பதை அது காட்டுகிறது. பெரியவரிடம் அப்படிக் கேட்பார் ஒருவரும் நாற்பது ஆண்டுகளாக வாய்க்கவில்லை.

எனவே நாங்கள் கேட்கத் தொடங்கினோம். அவருக்குப் பார்வை மங்கிவந்தது. பெயர்கள் நழுவத் தொடங்கியிருந்தன. அவர் மகனோ, தந்தைக்குப் பின் பெட்டிகளை ஏலத்துக்கு அனுப்பிவிடும் எண்ணத்தில் இருந்தார். சாதாரணக் குண்டு ஒன்றுக்குச் சில டாலர்கள்கூடக் கிடைப்பது அரிது. 41 பெட்டிகளும் கலந்து கொட்டப்பட்டால், ஈயத்தின் எடைக்கு மேல் அவற்றில் சொல்வதற்கு ஒன்றும் இராது.

வாரம் இருமுறை, பிற்பகலில், அவருடைய சாப்பாட்டு மேசையில் கவுண்டியின் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் அருகருகே விரிப்போம். பேரன் ஒரு பெட்டியைத் திறந்து அவர் கையில் ஒரு பொருளை வைப்பான். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். "இது ஓடைக்கு மேலே, இரண்டு வால்நட் மரம் நின்ற சரிவு. இப்போது அங்கே வங்கி இருக்கிறது." நான் எழுதுவேன். "இது வண்டி நிறுத்துமிடத்தின் வடமூலை. இதேபோல் பதினொன்று ஒரே வரிசையில் கிடந்தன." வரிசையில் கிடந்தன என்றால், சிப்பாய்கள் வரிசையாய் நின்று, குளிரில் விறைத்த விரல்களால் குண்டுகளைத் தவறவிட்டார்கள் என்று பொருள்படலாம். அந்தப் பதினொன்றும் அதுவரை ஒரு பெட்டிக்குள் கிடந்த ஈயத்துண்டுகள். அந்த நொடியில் அவை மனிதர்களின் வரிசையாயின.

சில நாள்களில் கையிலுள்ளதை நெடுநேரம் தடவிவிட்டு, வாய் திறக்காமல் திருப்பித் தந்துவிடுவார். அப்போது பேரன் அதை மெல்ல வேறொரு தட்டில் வைப்பான்.

குளிர்காலம் முடிவதற்குள் 27 பெட்டிகளுக்கு இடம் எழுதினோம். எஞ்சிய 14 பெட்டிகள் அவர் நினைவுக்குள் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

எழுதிய ஏட்டின் படி ஒன்றைக் கவுண்டியின் தொல்லியல் அலுவலகத்தில் கொடுக்க மகளும் நானும் சென்றோம். சில பொருள்களையும் உடன் கொண்டுபோயிருந்தோம். அங்கிருந்த அம்மையார் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. முதலில் வரைபடத்தை வாங்கி விரித்து, நெடுநேரம் அதன்மேல் குனிந்திருந்தார். "இந்த இடத்தைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே இல்லை" என்று ஒரு மூலையில் விரல் வைத்தார். அங்கே இப்போது ஒரு பெருங்கடை நிற்கிறது.

நற்செய்தியில் வயலில் புதையல் கண்டவனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். புதையலைக் கண்டவன் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. மீண்டும் மறைத்துவைத்து, உள்ளதையெல்லாம் விற்று, வயலையே வாங்குகிறான். விண்ணரசின் விலையைச் சொல்ல வந்த உவமை அது. ஆனால் அந்த மேசையருகே அமர்ந்திருந்த நாள்களில், அதன் இன்னொரு பக்கம் எனக்குத் தென்பட்டது: வயலை விட்டுவிட்டுப் புதையலை மட்டும் கொண்டவன், கண்டதில் பாதியைக்கூடப் பெறவில்லை.

என் பேரன் தன் தோட்டத்துக் குண்டை ஒரு சிறு பெட்டியில் வைத்திருக்கிறான். அதன்மேல் ஒட்டியுள்ள தாளில் நாளும் ஆழமும் எழுதியபின், "மண் வேறெங்கிருந்தோ வந்தது, உண்மையான இடம் தெரியாது" என்று தன் கையெழுத்தில் குறித்துள்ளான். எவரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

புறநகர்கள் இனியும் வளரும். அதை நாம் தடுத்துவிட இயலாது. மண்ணை வழிக்கும் இயந்திரத்துக்கு முன்னால் எப்போதும் ஓர் அறிஞர் நிற்பார் என்றும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த மண்ணில் நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு நிலவறையிலும் பரணிலும் எழுத்தில்லாப் பெட்டிகள் இருக்கின்றன. அவர்களிடம் போய், "எங்கே கிடைத்தது?" என்று கேட்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, காலம் மட்டும் குறைவாக இருக்கிறது.